கவனித்த தந்தை, கவனித்துக்கொண்ட மகள்



இந்த அறக்கட்டளை ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியையின் நினைவாக நிறுவப்பட்டது என்று அழைப்பிதழில் படித்தேன். அதனால்தான் இலக்கியக் கோட்பாடு எதையும் தூக்கிக்கொண்டு வராமல் ஒரு வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவில், 19ஆம் நூற்றாண்டில், நான்கு பெண்குழந்தைகள் வளர்ந்த வீடு.

முதலில் ஒரு தமிழ்ச் சொல். கவனி. வகுப்பில் நீங்கள் "பலகையைக் கவனி" என்றால் உற்றுப் பார் என்று பொருள். ஊருக்குக் கிளம்பும் அப்பா "அம்மாவைக் கவனிச்சுக்கோ" என்றால் சோறு, மருந்து, மாற்றுத்துணி என்று பொருள். (தாலுகா அலுவலக வாசலில் மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. அது இந்த உரைக்குத் தேவையில்லை.) முதல் இரண்டு பொருள்களும் ஒரே சொல்லில் குடியிருப்பதால் பார்த்துக்கொண்டிருப்பவர் பார்த்துக்கொள்ளவும் செய்வார் என்று நாம் நம்பிவிடுகிறோம். நான் சொல்லப்போகும் தகப்பனார் முதல் பொருளில் தன் குழந்தைகளை அசாத்தியமாகக் கவனித்தவர். இரண்டாம் பொருளில் அந்த வீட்டில் கவனிப்பு வேறு ஆட்களின் வேலையாக இருந்தது.

அவர் பெயர் ஏமஸ் பிரான்சன் ஆல்காட். 1799இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயிக்குப் பிறந்தவர். இளமையில் தெற்கு மாநிலங்களில் வீடு வீடாகப் போய்ச் சில்லறைச் சாமான் விற்றார். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. புத்தகம் தேடித் தேடித் தானே கற்று ஆசிரியரானார். 1830இல் பாஸ்டன் நகரின் பெரிய குடும்பம் ஒன்றைச் சேர்ந்த அபிகெயில் மேயை மணந்தார். அபிகெயிலுக்கு வீட்டுப் பெயர் அப்பா. நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் அது அப்படித்தான் வரும். அந்த வீட்டில் அம்மாதான் அப்பா. 1831இல் அன்னா, 1832இல் லூயிசா, 1835இல் எலிசபெத், 1840இல் மே. இரண்டாமவள், தகப்பனார் பிறந்த அதே நவம்பர் 29இல் பிறந்தவள், பின்னால் 'லிட்டில் விமன்' எழுதிய லூயிசா மே ஆல்காட்.

மூத்தவர்கள் இருவரும் பிறந்த நாளிலிருந்து தந்தை குறிப்பெடுத்தார். குழந்தை எப்போது சிரித்தது, எதைப் பார்த்து அழுதது, கோபம் எந்த நேரத்தில் வருகிறது என்று பக்கம் பக்கமாக. குழந்தை உளவியல் என்ற துறை உருவாகுமுன் நடந்த வேலை இது. சோதனைகளும் வைத்தார். குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் ஓர் ஆப்பிளை வைப்பார். பிறர் பொருளை எடுக்கலாமா என்று கேட்பார். கூடாது என்று இரண்டும் சொல்லும். வெளியே போய்த் திரும்பினால் கொட்டைதான் மிச்சமிருக்கும். ஏன் எடுத்தாய் என்றால் லூயிசா ஒளிக்காமல் சொல்லிவிடுவாள்: வேண்டும்போலிருந்தது. தகப்பனார் உட்கார்ந்து அதை எழுதுவார். அந்தக் குறிப்பேட்டில் ஒரு கேள்வி மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது: குழந்தைக்குப் பசித்ததா?

அவரை வில்லனாக்கிவிட்டுப் போவது எனக்கு எளிது. ஆனால் இங்கே ஆசிரியராகப் போகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவருடைய பள்ளியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1834இல் பாஸ்டனில் டெம்பிள் பள்ளியைத் தொடங்கினார். மனப்பாடம் கிடையாது. கேள்வி கேட்டுக் குழந்தையின் வாயிலிருந்தே விடையை வரவழைப்பார். பிரம்படிக்குப் பதில் ஒரு விசித்திரமான முறை வைத்திருந்தார்: தப்புச் செய்த பையன் ஆசிரியரின் கையில் அடிக்க வேண்டும். பையன்கள் அழுதுவிடுவார்களாம். குழந்தைகளோடு நடத்திய பைபிள் உரையாடல்களைப் புத்தகமாக அச்சிட்டார். அதில் பிறப்பைப் பற்றிய பேச்சும் வந்ததால் ஊர் கொதித்தது, பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தினார்கள், பள்ளிச் சாமான்கள் ஏலம் போயின. பிறகு சிறு அளவில் ஒரு பள்ளி நடத்தி, 1839இல் அதில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்தார். அவளை அனுப்பிவிடுங்கள் என்றார்கள். மறுத்தார். அந்தப் பள்ளியும் போயிற்று. கொள்கையில் அவர் ஒருநாளும் விலைபோனதில்லை. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி.

அந்த நாட்களில் லூயிசா பாஸ்டன் தெருக்களில் திரிந்த குழந்தை. ஒருநாள் வீட்டை விட்டு அலைந்து, ஐரிஷ் ஏழைப் பிள்ளைகளோடு விளையாடி, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு, இருட்டிய பின் யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில் ஒரு பெரிய நாயின்மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். மணியடித்துக் காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் ஊர் அறிவிப்பாளர்தான் கண்டெடுத்தார். இன்னொருமுறை குளத்தில் விழுந்தபோது ஒரு கறுப்பினச் சிறுவன் இழுத்துக் கரையேற்றினான். இதையெல்லாம் லூயிசாவே பிற்காலத்தில் சிரிப்போடு எழுதியிருக்கிறார். சிரிப்போடு எழுதப்பட்டதால் நாமும் சிரித்துக்கொண்டே படித்துவிடுகிறோம். பள்ளியில் கொண்டாடிய ஒரு பிறந்தநாளில் பிள்ளைகளுக்குக் கேக் கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்று, நிற்பது இரண்டு பேர், அவளையும் சேர்த்து. அம்மா மெல்லச் சொல்ல, தன்னுடையதைக் கொடுத்துவிட்டாள். பூக்கிரீடம் சூடிக்கொண்டிருந்த, கேக் இல்லாத பிறந்தநாள் குழந்தை. அந்த வீட்டின் பாடத்திட்டம் முழுவதும் இந்தக் காட்சியில் இருக்கிறது.

1840இல் கான்கார்டு கிராமத்துக்கு வந்தார்கள். அங்கே சிந்தனையாளர் எமர்சன் இருந்தார். இந்தக் குடும்பம் உயிரோடிருந்ததில் எமர்சனின் பணத்துக்குப் பெரிய பங்குண்டு. 1842இல் பிரான்சனை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்ததும் அவர்தான். லண்டனுக்கு அருகே ஹாம் என்ற ஊரில் பிரான்சனின் பெயரையே வைத்து ஒரு பள்ளி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து சார்லஸ் லேன் என்ற கொள்கைவாதியையும் அவர் மகன் வில்லியமையும் அழைத்துக்கொண்டு பிரான்சன் திரும்பினார். 1843 ஜூனில் ஹார்வர்ட் என்ற கிராமத்தில் (பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அல்ல) லேன் 1,800 டாலர் கொடுத்து வாங்கிய 90 ஏக்கரில் குடியேறினார்கள். நிலத்துக்கு 'ஃப்ரூட்லேண்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பழத் தோட்டம். அங்கே இருந்ததோ சில பழைய ஆப்பிள் மரங்கள்.

விதிகளைக் கேளுங்கள். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் கூடாது. அவை உயிர்களைச் சுரண்டிப் பெறுபவை. பருத்தி கூடாது, அடிமைகள் பறித்தது. கம்பளி கூடாது, ஆட்டுக்குச் சொந்தம். எல்லோரும் லினன் அங்கி. தேயிலை, காபி, சர்க்கரை இல்லை. மாடு பூட்டி உழக்கூடாது, சாணமும் போடக்கூடாது. விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல். இவற்றில் பலவற்றைக் கேட்டு நம்மில் பலர் தலையாட்டுவோம், எனக்கும் மறுப்பில்லை. அடிமை உழைப்பில் விளைந்ததை உடுத்த மாட்டேன் என்று 1843இல் சொன்ன மனிதரை எப்படி மறுப்பது?

வந்து சேர்ந்த ஆட்கள் வேறு ரகம். ஏப்ரம் வுட் என்பவர் பெயரைத் திருப்பிப் போட்டு வுட் ஏப்ரம் ஆகிவிட்டார். அத்தோடு அவர் புரட்சி முடிந்தது. ஓராண்டு முழுக்க பிஸ்கட், மறுஆண்டு முழுக்க ஆப்பிள் என்று வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் இளைஞர் இருந்தார். தாடி வைத்ததில் தொடங்கிய சண்டையால் சிறைக்குப் போய் வந்த ஜோசப் பாமர் இருந்தார். அந்தக் கூட்டத்தில் விவசாயம் தெரிந்த மனிதர் அவர்தான் என்று சொல்லலாம். உச்சத்தில் பத்துப் பதினான்கு பேர். இத்தனை பேருக்கும் சமைத்து, துவைத்து, தைத்துப் போட்டது அபிகெயில். துணைக்கு வந்த இன்னொரு பெண்ணும் மீன் தின்ற குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டதாகக் கதை. கால்நடை உழைப்பை ஒழித்த பண்ணையில் பொதி சுமந்தது யார் என்பதை முப்பது ஆண்டு கழித்து 1873இல் லூயிசா ஒரு நையாண்டிக் கதையாக எழுதினார். அதில் அறுவடைக் காட்சி ஒன்று வருகிறது: பரம்பொருளின் அழைப்பு வந்து ஆண்கள் எல்லோரும் எங்கோ போய்விட, புயல் திரண்டு வர, தாயும் மூன்று பெண்களும் ஒரு பையனும் கூடைகளிலும் படுக்கை விரிப்புகளிலும் தானியத்தை அள்ளி இழுத்துக் காப்பாற்றுகிறார்கள். பரம்பொருள் அழைக்கும்போது நெல் களத்தில் கிடந்தால் என்ன செய்வது என்பது நம் ஊர் தத்துவங்களிலும் தெளிவாக விளக்கப்படாத இடம்தான்.

குளிர் வந்தது. லேனின் கொள்கை இன்னும் உயர்ந்தது: குடும்பம் என்பதே சுயநலம், கணவன் மனைவி பிரிந்து வாழ வேண்டும் என்றார். பிரான்சன் ஊசலாடினார். அபிகெயில் தன் மேசை நாற்காலிகளோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடப்போவதாக அறிவித்தார். பதினொரு வயது லூயிசாவின் நாட்குறிப்பில் அந்த டிசம்பர் இருக்கிறது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இரவு படுக்கையில் அக்காவும் நானும் அழுதோம், நாங்கள் எல்லோரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறாள். அந்த நாட்குறிப்பும் அவளுடையது மட்டுமல்ல. பெற்றோர் படிப்பார்கள், ஓரத்தில் அம்மா குறிப்பு எழுதி வைப்பார். அழுவதற்குக்கூட ஒரு தனிப்பக்கம் இல்லாத குழந்தை. 1844 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. ஏழே மாதம். லேனும் மகனும் ஷேக்கர் சமயத்தாரிடம் போனார்கள். பிரான்சன் சுவரைப் பார்த்துப் படுத்துச் சாப்பாட்டை மறுத்தார். அவரையும் கவனித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு கிளைவழி. அதே ஹாம் பள்ளியின் ஆட்கள் முன்னின்றுதான் 1847இல் இங்கிலாந்தில் சைவ உணவாளர் சங்கம் உருவானது. அந்த இயக்கத்தின் லண்டன் சங்கத்தில், சட்டம் படிக்கப் போன காந்தி செயற்குழு உறுப்பினரானார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரில் காந்தியின் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தபோது அங்கே குடியேறிய சத்தியாக்கிரகிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கும் கைவேலை, எளிய உணவு, பள்ளிக்கூடம் வேண்டாம் நானே சொல்லித் தருகிறேன் என்ற தகப்பனார். மூத்த மகன் ஹரிலால் 1911இல் படிப்புக்காக ஏங்கி வீட்டை விட்டுப் போனார். பிள்ளைகளுக்கு இது குறித்து மனக்குறை இருந்ததைக் காந்தி தன் வரலாற்றில் மறைக்கவில்லை. நான் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. காந்தி மண்ணில் கால் ஊன்றியவர், பிரான்சன் அப்படியல்லர். ஆனால் பெரிய மனிதர்களின் வீட்டுப் பின்கட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்குக் குறைவு.

மீண்டும் கான்கார்டு. எமர்சனின் புகழ்பெற்ற தற்சார்புக் கட்டுரை 1841இல் வந்தது. இன்று நம் புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல் என்று தனி அலமாரி இருக்கிறதே, அதற்குப் பாட்டன் அந்தக் கட்டுரை. அதை எழுதியவருக்கு இறந்துபோன முதல் மனைவியின் சொத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1,200 டாலர் வந்துகொண்டிருந்தது. இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் ஆல்காட் வீட்டு மேசையில், புத்தகத்துக்கு அடியிலும் மெழுகுவத்தித் தண்டுக்குப் பின்னாலும், யாரும் வெட்கப்படாதபடி விட்டுச் செல்லப்பட்ட நோட்டாக இருந்தது. தற்சார்பைப் பற்றி எழுத ஓரளவு சார்பு தேவைப்படுகிறது. சார்ந்து நிற்க எதுவுமில்லாதவர்கள் அதைப் பற்றி எழுதுவதில்லை, வேலைக்குப் போகிறார்கள்.

லூயிசா போனார். தையல், டீச்சர் வேலை, பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம். பதினெட்டு வயதில் ஒரு வீட்டுக்குத் துணைப்பெண்ணாகப் போனார். துணை என்று சொல்லி அழைத்து விறகு வெட்டவும் பனி அள்ளவும் வைத்தார்கள். எஜமானரின் பூட்சுக்கு மை போட மட்டும் மறுத்தார். ஏழு வாரத்துக்குக் கூலி 4 டாலர். வீட்டார் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அம்மாவும் சும்மா இருக்கவில்லை. பாஸ்டனில் ஏழைகளுக்கு உதவும் சம்பள ஊழியரானார், வீட்டுவேலைப் பெண்களுக்கு வேலை தேடித்தரும் அலுவலகம் நடத்தினார். தந்தை 1853இல் சொற்பொழிவுப் பயணமாக மேற்கே போனார். 1854 பிப்ரவரியில் ஓர் இரவு குளிரில் விறைத்து வந்து நின்றார். எல்லோரும் எழுந்து சூடாக ஏதோ கொடுத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். காசு கிடைத்ததா என்று கேட்கப் பெரியவர்களுக்கு மனமில்லை. கடைக்குட்டி மே கேட்டுவிட்டாள். பர்சைத் திறந்து காட்டினார். ஒரே ஒரு டாலர். மனைவி அவரை முத்தமிட்டு நன்றாகத்தான் சம்பாதித்திருக்கிறீர்கள் என்றாராம். பார்த்துக்கொண்டிருந்த லூயிசா அதை அன்பின் பாடமாகப் பதிவு செய்கிறார். எனக்கு அந்த இடத்தில் அன்பும் தெரிகிறது. இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி மனசுக்குள் கணக்குப் போடுவதும் தெரிகிறது.

1858இல் எலிசபெத் இறந்தாள், 22 வயது. அம்மா உதவப் போன ஓர் ஏழைக் குடும்பத்திடமிருந்து தொற்றிய செங்காய்ச்சலால் உடைந்த உடம்பு. 1862இல் ஒரு பதிப்பாளர் லூயிசாவுக்கு 40 டாலர் கடன் கொடுத்து, எழுத்தை விடு, பள்ளி நடத்து என்றார். ஆண்டின் இறுதியில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் மருத்துவமனையொன்றில் லூயிசா தாதியாகச் சேர்ந்தார். சில வாரங்களில் டைபாய்டு. அன்றைய வழக்கப்படி பாதரச மருந்து கொடுத்தார்கள். அதன்பின் அவர் உடம்பு உடம்பாக இல்லை. அந்த அனுபவத்தை எழுதிய சிறு புத்தகம்தான் முதல் கவனத்தைப் பெற்றுத்தந்தது.

1868க்கு வருகிறேன். ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கதை கேட்டது. லூயிசாவுக்கு விருப்பமில்லை. தந்தையோ தன் தத்துவ நூலை அதே பதிப்பகம் போடுமா என்று பேசிக்கொண்டிருந்தார். மகள் கதை தந்தால் அதுவும் ஆகும் என்ற பேச்சு வந்தது. ஆர்ச்சர்ட் ஹவுஸ் என்ற ஆப்பிள் தோட்ட வீட்டில், தந்தை தன் கையால் செய்து கொடுத்த அரைவட்ட மேசையில் உட்கார்ந்து, சில மாதங்களில் 'லிட்டில் விமன்' முதல் பாகத்தை முடித்தார். அந்த மேசையை நான் மறக்கமாட்டேன். அந்த மனிதர் மகளுக்குச் செய்த காரியங்களில் இதற்கு ஈடாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

நாவலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: முதல் பாகத்தில் அப்பா பெரும்பாலும் வீட்டில் இல்லை. போருக்குப் போயிருக்கிறார். நல்லவர், எல்லோரும் ஏங்குகிறார்கள், கடிதம் வருகிறது. அசலில் பிரான்சன் போருக்குப் போகவில்லை, போனது மகள். வீட்டில் இருந்தும் இல்லாத அப்பாவை, இல்லாததற்கு ஒரு கௌரவமான காரணம் கொடுத்து வெளியே அனுப்பிவைத்திருக்கிறார் லூயிசா. இன்னொன்று: கதையில் வரும் மார்ச் குடும்பம் ஏழைக் குடும்பம் என்று சொல்லப்பட்டாலும் அங்கே ஹன்னா என்ற சமையற்காரி இருக்கிறாள். இதைப் பல வாசிப்புக்குப் பிறகே கவனித்தேன். கதையிலாவது அம்மாவை அடுப்படியிலிருந்து கொஞ்சம் எழுப்பி உட்காரவைக்க மகள் நினைத்தார் என்றே அதை நான் படிக்கிறேன்.

புத்தகம் ஓடியது. குடும்பத்தின் ஆண்டுக்கணக்கான கடனெல்லாம் தீர்ந்தது. தங்கை மே ஓவியம் படிக்க ஐரோப்பா போனாள். அக்காவின் கணவர் இறந்ததும் அக்கா பிள்ளைகளுக்கு லூயிசா வழி செய்தார். 1879இல் பிரசவத்துக்குச் சில வாரங்களுக்குப் பின் மே இறக்க, அந்தப் பெண்குழந்தையையும் வாங்கி வளர்த்தார். வலது கட்டைவிரல் மரத்துப்போனபோது இடது கையால் எழுதப் பழகினார். தந்தையும் ஒருவழியாகக் காசு வரும் சொற்பொழிவாளரானார். கூட்டம் 'லிட்டில் விமன்' எழுதியவரின் அப்பாவைப் பார்க்க வந்தது.

இந்த வாழ்க்கையைச் சொன்னால் "பார்த்தீர்களா, கஷ்டம்தான் அவளை உருவாக்கியது" என்று யாராவது சொல்வார்கள். அந்த வாக்கியத்தின்மீது எனக்குக் கோபம் உண்டு. அதே வீட்டில் அதே ரொட்டியும் ஆப்பிளும் தின்று வளர்ந்த எலிசபெத்தைப் பற்றி அந்த வாக்கியத்துக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. லூயிசாவுக்கு எமர்சனின் நூலகம் திறந்திருந்தது, எழுது எழுது என்று சொன்ன அம்மா இருந்தார், பதின்மூன்று வயதில் ஒரு தனி அறை கிடைத்தது. அவரை உருவாக்கியவை இவை. கஷ்டம் உருவாக்கியது, ஓய்வெடுக்கத் தெரியாத ஒரு பெண்ணை.

மாணவர்களே, உங்களுக்கு வேலை கிடைத்து முதல் வகுப்புக்குள் போகும்போது அங்கே ஒரு பிள்ளை இருக்கும். கரும்பலகை துடைக்கும், நோட்டு அடுக்கும், தம்பியைக் கைப்பிடித்துக் கூட்டிவரும், எதற்கும் அழாது. வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் "பொறுப்பான பொண்ணு" என்று மனசில் எழுதிக்கொள்வீர்கள். எழுதுமுன், காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பிரான்சன் ஆல்காட் 1888 மார்ச் 4இல் இறந்தார். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த லூயிசா அந்தச் செய்தி தெரியாமலே, இரண்டு நாள் கழித்து, 55 வயதில் இறந்தார். கான்கார்டின் ஸ்லீப்பி ஹாலோ மயானத்தில் அப்பா, அம்மா, தங்கை எலிசபெத் ஆகியோரின் கால்மாட்டில் குறுக்காக அவரைப் புதைத்தார்கள். வாழ்நாள் முழுக்கச் செய்ததுபோல அங்கேயும் அவர்களைக் கவனித்துக்கொள்வதற்காக என்று அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார்.